திருகோணமலையில் பங்குக் காணி: உறுதி தேடுவதிலிருந்து பிரிவினைத் தீர்ப்பு வரை

காணிப் பிணக்கு என்று தமிழில் தேடினால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் என்று வரிசையாக வந்து விழும். அத்தனையும் தமிழ்நாட்டு விஷயம். இந்து வாரிசுரிமைச் சட்டம் இலங்கையில் இல்லை. அதை விட்டால், யாழ்ப்பாணத்து உறவினர் தொலைபேசியில் சொல்லும் தேசவழமை, அதாவது வடக்குத் தமிழரின் வழமைச் சட்டம். அதுவும் திருகோணமலைக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. இந்த இரண்டு பிழையான வழிகாட்டல்களிலும் நம்பிக்கை வைத்து, கேட்க வேண்டிய பங்கைக் கேட்காமல் விட்டவர்களும் உண்டு. கிடைக்காத பங்குக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனவர்களும் உண்டு.

பங்குக் காணிச் சண்டையில் கேட்க வேண்டியவை மூன்று: இது என்ன வகைக் காணி, இறந்தவருக்கு எந்தச் சட்டம், யார் எப்போது இறந்தார். இவற்றுக்கு விடை காகிதத்தில் கிடைத்துவிட்டால், நீதிமன்றப் படியேறுவதா வேண்டாமா என்பது தானாகவே தெளிவாகும். ஆனால் எங்கள் ஊரில் பெரும்பாலும் வேலி அடைப்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

முதலாவது: என்ன காணி?

உவர்மலை, பாலையூற்று, உப்புவெளிப் பக்கங்களில் பழைய வளவுகள் பல நொத்தாரிசு எழுதிய உறுதியில் கைமாறிய தனியார் காணிகள். கந்தளாயிலும் அல்லைத் திட்டத்திலும் இருப்பவற்றில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பெர்மிட் அல்லது அளிப்புக் காணி. இரண்டுக்கும் சட்டம் வேறு, வாசலும் வேறு.

பெர்மிட் காணி என்றால் உரிமை அரசிடமே இருக்கிறது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, பிள்ளைகள் தங்களுக்குள் கோடு கிழித்துப் பிரிக்கவும் முடியாது. பெர்மிட்காரர் இறந்தால் கணவனோ மனைவியோ சீவிய காலம் அனுபவிக்கலாம்; அதற்குப் பிறகு பதிவிலுள்ள பின்னுரித்தாளருக்குப் போகும். பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்துவிட்டால் சட்டத்தின் அட்டவணைப்படி தீரும். அந்த அட்டவணை அண்மைக்காலம் வரை மகன்மாரையே முன்னுக்கு வைத்திருந்தது. ஆகவே இந்த வகைக் காணியில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பிரதேச செயலகத்துப் பதிவேட்டில் பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது? தாய் தகப்பன் உயிரோடிருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். "எல்லாருக்கும் சமமாய்த் தருவன்" என்று அப்பா முற்றத்தில் இருந்து சொன்னதைச் செயலகம் கணக்கில் எடுக்காது.

மூன்றாவது வகை, 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ் வந்த காணி. அரசு காணிகளை அளந்து உரித்தைப் பதியும் பிம்சவியத் திட்டம் என்று சொன்னால் விளங்கும். அங்கே உறுதியை விட உரித்துச் சான்றிதழே பேசும். இனிச் சொல்லப்போவது தனியார் உறுதிக் காணியைப் பற்றியது.

இரண்டாவது: எந்தச் சட்டம்?

சட்டம் காணியைப் பார்த்து அல்ல, இறந்த ஆளைப் பார்த்துத் தீர்மானமாகும். திருகோணமலைத் தமிழர் ஒருவர் மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தால் 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் பொருந்தும். கணவன் அல்லது மனைவிக்குப் பாதி. மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் பெண் வித்தியாசம் இல்லை, திருமணமானவர் ஆகாதவர் என்றும் இல்லை. கிண்ணியாவிலோ மூதூரிலோ முஸ்லிம் ஒருவர் இறந்தால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைச் சட்டம். அங்கே பிள்ளைகள் இருக்கும் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்கு.

தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரிய ஆள்சார் சட்டம். யாழ்ப்பாணத்து நிரந்தர வதிவிடத்தை விடாமல் உத்தியோகத்துக்காக இங்கே வந்த குடும்பம் என்றால் அது பொருந்தலாம். தலைமுறையாக இங்கேயே வேரூன்றியவர் என்றால் பொருந்தாது. இடையில் இருப்பவர்களுக்கு அது சாட்சியம் கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்வி. கலப்பு விவாகத்துக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடை இருக்கிறது: தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஆணை மணந்தால் அந்தத் திருமணம் நிலைக்கும் வரை அவருக்குத் தேசவழமை இல்லை. மாறி, திருகோணமலைப் பெண் தேசவழமைக்காரரை மணந்தால் அவர் அதற்கு உட்படுவார்.

இது ஏன் முக்கியம்? சீதனத்துக்காக. "உனக்குச் சீதன வீடு தந்தாயிற்று, இனி வளவில் பங்கில்லை" என்ற பேச்சு கிழக்கில் எந்த வீட்டிலும் கேட்கும். தேசவழமையில் அதற்கு இடமுண்டு. மேலே சொன்ன 1876ஆம் ஆண்டுப் பொதுச் சட்டத்தில் இல்லை. சீதனம் வாங்கிய மகளும் வாரிசே. ஆனால் அந்தச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, திருமணத்தின்போது பெற்றாரிடம் வாங்கியதை, வேறு எண்ணம் இருந்ததாகத் தெரியாவிட்டால், பொதுக் கணக்கில் சேர்த்துத்தான் பங்கு பார்க்க வேண்டும். பங்கே இல்லை என்று அண்ணன் சொல்வதும் பிழை. வீட்டையும் வைத்துக்கொண்டு முழுப் பங்கும் வேண்டும் என்று தங்கை சொல்வதும் எடுபடாது.

மரணசாதனம் இருந்தால் கதை வேறு. இலங்கையில் பொதுச் சட்டத்தின்கீழ் பெற்றார் முழுச் சொத்தையும் ஒரே பிள்ளைக்கு எழுதலாம். மற்றவர்களுக்குக் கட்டாயப் பங்கு என்று ஒன்றில்லை. நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். அதை மாவட்ட நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் புறோபேட் (மரணசாதனம் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) எடுக்க வேண்டும்.

மூன்றாவது: பதிவகத்தில் தேடுங்கள்

1990இலும் 2006இலும் ஓடியவர்கள் உறுதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. 2004 சுனாமியில் கரையோரம் போனதும் கொஞ்சமல்ல. ஆனாலும் உறுதி தொலைந்தால் உரிமை தொலையாது. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியும் மூன்றாக இருக்கும்: மூலம் உரிமையாளரிடம், இரட்டைப் பிரதி காணிப் பதிவகத்தில், மற்றையது நொத்தாரிசின் கையில். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். இலக்கமே தெரியாதென்றால் பக்கத்து வளவின் உறுதியை வாங்கிப் பாருங்கள்; எல்லை விபரத்தில் உங்கள் காணி வரும், அதிலிருந்து நூல் பிடித்துப் போகலாம். பழைய ஈட்டு உறுதி, பிள்ளையின் சீதன உறுதி, வங்கிக் கோவை ஆகியவற்றிலும் மூல உறுதியின் இலக்கம் எழுதப்பட்டிருக்கும்.

உறுதி கையில் வந்ததும் பதிவேட்டின் எக்ஸ்ட்ராக்டையும் (பதிவுகளின் பிரதி) எடுங்கள். குறைந்தது 30 வருடம் பின்னோக்கிப் போவது சட்டத்தரணிகளின் வழமை. யாருக்குத் தெரியாமல் யார் பங்கு விற்றார், ஈடு இருக்கிறதா, ஏற்கெனவே வழக்குப் பதிவு ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பதிவுச் சட்டப்படி, ஒரே ஆளிடமிருந்து ஒரே பங்கை இருவர் பணம் கொடுத்து வாங்கினால் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. வாங்கிய உறுதியை மடித்து அலுமாரிக்குள் வைத்திருப்பவர் இதில் தோற்பார்.

சந்தேகம் இருந்தால் பதிவகத்தில் கேவியற் பதிந்துவிடலாம். காணி தொடர்பாக ஏதாவது உறுதி பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். வெளிநாட்டில் இருக்கும் பங்காளருக்கு இதைவிட மலிவான காவல் இல்லை.

கிராம அலுவலரின் கடிதமும் சோலைவரிப் பற்றுச்சீட்டும் உரித்து ஆகாது. ஆட்சியை, அதாவது காணி யார் கையில் இருக்கிறது என்பதைக் காட்ட உதவும், அவ்வளவுதான். "பிரகடன உறுதி" என்று ஒருவர் தன் பெயரில் தானே எழுதிப் பதிந்த உறுதியும் அப்படியே: அது அவர் வாய்வார்த்தையை முத்திரைத் தாளில் ஏற்றியது.

நான்காவது: வம்சாவளியும் மரணத் திகதிகளும்

பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுப்போம். உவர்மலையில் 40 பேர்ச், தகப்பன் பெயரில். தகப்பன் இறக்கிறார். மனைவிக்கு 20 பேர்ச். மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஆறில் ஒன்று, அதாவது 6.67 பேர்ச்.

இனி மூத்த மகனும் இறந்துவிட்டார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாயும் இறந்துவிட்டார். இருவரில் முதலில் போனவர் யார்?

மகன் தாய்க்கு முன் இறந்திருந்தால்: தகப்பனிடமிருந்து வந்த 6.67 பேர்ச்சில் பாதி மருமகளுக்கு, 3.33. தாயின் பங்கில் மகனுக்கு வரவேண்டிய 6.67 நேராகப் பேரப்பிள்ளைகளுக்குப் போகும். மருமகளுக்கு அதில் ஒன்றும் இல்லை. முடிவில் மருமகளுக்கு 3.33, பேரப்பிள்ளைகள் ஆளுக்கு 5.

தாய் முதலில் இறந்து மகன் பிறகு இறந்திருந்தால்: மகனின் கையில் 13.33 பேர்ச் சேர்ந்துவிட்டது. அதில் பாதி, 6.67, மருமகளுக்கு. பேரப்பிள்ளைகள் ஆளுக்கு 3.33.

ஒரு மாத வித்தியாசத்தில் நடந்த இரண்டு மரணங்கள் ஒருவரின் பங்கை இரட்டிப்பாக்கும். ஆகவே ஒவ்வொரு மரணச் சான்றிதழையும் எடுத்து, திகதி வரிசையில் அடுக்கி, தாளில் வம்சாவளியைக் கீறி, பின்னங்களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஒன்றுக்கு வராவிட்டால் யாரோ விடுபட்டிருக்கிறார். பெரும்பாலும் அது அத்தையாக இருக்கும்: கல்யாணம் முடித்து வேறு ஊர் போனவர், யாரும் பேச்சில் எடுக்காதவர். அவர் பிள்ளைகளும் பங்காளரே.

போரில் காணாமல் போனவர் இந்த வரிசையில் இருந்தால், 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மரணத்தைப் பதியலாம். அல்லது 2016இல் வந்த திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. மரணப் பதிவு வாரிசுரிமையைத் திறக்கும். மற்றது அவர் இறந்தார் என்று சொல்லாது. எதை எடுப்பது என்பது குடும்பம் மட்டும் எடுக்கக்கூடிய முடிவு. காணிக்காக அவசரப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை.

ஐந்தாவது: பங்காளரின் எல்லைகள்

பிரியாத பங்கில் எந்த மூலையும் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை. உங்கள் பங்கை நீங்கள் மற்றவர்களைக் கேட்காமலே விற்கலாம், நன்கொடையாக எழுதலாம். தேசவழமையில் உள்ள முந்துரிமை, அதாவது பங்காளருக்கே முதலில் கேட்க வேண்டும் என்ற விதி, இங்கே கிடையாது. ஆனால் "வடக்குப் பக்கத்து 10 பேர்ச்" என்று குறித்து விற்றால் அந்தக் குறிப்பு மற்றப் பங்காளரைக் கட்டாது. நிலாவெளிக் கரையோரத்தில் முகப்புத் துண்டைத் தனியாக வெட்டி விற்கும்போது வாங்குபவர் ஏமாறுவது இப்படித்தான்: கையில் கடற்கரைத் துண்டு என்று எழுதிய உறுதி, சட்டத்தில் முழுக் காணியிலும் ஒரு பின்னம்.

மற்றவர்களின் சம்மதமின்றிப் புது வீடு கட்டினால் தடை உத்தரவு கேட்கலாம். கடை வாடகையை ஒருவரே வாங்கினால் கணக்குக் கேட்கலாம். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பிரதியை வைத்திருங்கள். அந்தக் கடிதம் அடுத்த கேள்விக்கும் உதவும்.

ஆறாவது: பத்து வருட ஆட்சி

"பத்து வருஷம் நான்தான் இருக்கிறன், இனி எனக்குத்தான்." 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவை அரைகுறையாகக் கேட்டு வரும் பேச்சு இது. அந்நியருக்கு எதிராகப் பத்து வருடத் தடையற்ற, எதிரிடையான ஆட்சி போதும். பங்காளருக்கு எதிராகப் போதாது. ஒரு பங்காளரின் ஆட்சி எல்லாப் பங்காளரின் ஆட்சி; மற்றவர்களை வெளியேற்றியதாக வெளிப்படையாகக் காட்டாதவரை காலம் ஓடத் தொடங்காது. 1911இல் கொரியா எதிர் இசேரிஸ் அப்புஹாமி வழக்கில், அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் சொன்னது இன்றும் அடிப்படை. அதே நேரம், 1918ஆம் ஆண்டுத் தில்லெகெரத்ன எதிர் பஸ்தியன் தீர்ப்பு, மிக நீண்ட காலத் தனியாட்சியும் சூழ்நிலையும் சேர்ந்தால் வெளியேற்றம் நடந்ததாக ஊகிக்கலாம் என்றது. ஆகவே பங்காளர் உறங்கலாம், ஆனால் தலைமுறைக்கணக்கில் உறங்கக்கூடாது.

போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சிக் கணக்கிலிருந்து கழிக்க அது வழிசெய்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தந்த அவகாசம் வரையறுக்கப்பட்டது. உங்கள் வழக்குக்கு அது எட்டுமா என்பதைச் சட்டத்தரணியிடம் முதற் கேள்வியாகவே கேளுங்கள். அரச காணிக்கு எதிராகப் பத்து வருட வாதம் எடுபடாது.

வெளிநாட்டுப் பங்காளர்

கனடாவிலோ இலண்டனிலோ இருப்பவர் அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக இன்னொருவர் செயற்படும் அதிகாரம், கொடுக்கலாம். அது இங்கே பதிவு செய்யப்பட வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அது அன்றோடு செத்துவிடும். அதற்குப் பிறகு அதை வைத்து எழுதிய உறுதிகள் எங்கள் நீதிமன்றங்களில் தனி வகை வழக்காகவே வளர்ந்திருக்கின்றன. இலங்கைக் குடியுரிமையை விட்டவர் வாரிசாகப் பங்கு பெறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவர் தம்பியின் பங்கைப் பணம் கொடுத்து வாங்க நினைத்தால், இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால் அதே சட்டம் குறுக்கே நிற்கும்.

தாய் நோயில் கிடந்தபோது ஒரு பிள்ளை எழுதி வாங்கிய நன்கொடை உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. ஏமாற்று, வற்புறுத்தல் என்று ரத்துச் செய்யக் கேட்பதானால் 3 ஆண்டு எல்லை வரலாம். அந்தியேட்டி முடியட்டும், திவசம் முடியட்டும் என்று தள்ளாதீர்கள். எழுதிக் கொடுத்த தாயே உயிரோடிருந்து, பிள்ளை மிகக் கொடிய நன்றிகேடு செய்தால், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் ரத்துக் கேட்கலாம். பதிவகத்துக்குப் போய்த் தானாக ரத்து உறுதி எழுதிவிட முடியாது.

ஏழாவது: பேசிப் பிரித்தல்

எல்லாப் பங்காளரும் சம்மதித்தால் வழக்கே தேவையில்லை. உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு பிளான் கீறுங்கள். துண்டுகளை அதில் குறியுங்கள். பாதையை முதலில் ஒதுக்குங்கள். பாதை இல்லாத துண்டு நாளை இன்னொரு வழக்கு. நகரப் பகுதியில் 6 பேர்ச்சுக்குக் குறைந்த துண்டுக்கு உள்ளூராட்சி சபையின் அனுமதி கிடைப்பது கஷ்டம் என்பதையும் கணக்கில் எடுங்கள். பிறகு எல்லாரும் ஒரே நொத்தாரிசு முன் பாகப்பிரிவினை உறுதியில் ஒப்பமிட்டு, பதிவு செய்யுங்கள். பிளானில் மட்டும் கையெழுத்து வைத்து வேலி போட்டுக்கொள்வது பிரிவினை ஆகாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி காணி உரிமை நொத்தாரிசு உறுதியில்தான் மாறும்.

பேச்சு முறிந்தால் மத்தியஸ்த சபை உண்டு. காணிப் பிணக்குகளுக்கென விசேட மத்தியஸ்த சபையும் இந்த மாவட்டத்தில் அமைக்கப்பட்டது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம்.

யாராவது பலாத்காரமாக நுழைந்தால் பதிலுக்கு நீங்களும் ஆள் கூட்டாதீர்கள். பொலிஸ் முறைப்பாடு, பிறகு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு. ஊரில் "அறுபத்தாறு வழக்கு" என்பது இதைத்தான். வழக்குப் பதிந்த திகதியில் யார் ஆட்சியில் இருந்தார், அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது வெளியேற்றப்பட்டாரா என்பதை மட்டுமே அது பார்க்கும். அதில் வென்றவர் காணிக்குச் சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். தோற்றவர் மாவட்ட நீதிமன்றம் போகலாம். நாட்கள் முக்கியம். மூன்று மாதம் யோசித்துவிட்டு வந்தால் இந்த வழி மூடியிருக்கும்.

எட்டாவது: பாகப்பிரிவினை வழக்கு

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டம். எந்தப் பங்காளரும், எவ்வளவு சிறிய பங்கு இருந்தாலும், தொடுக்கலாம். வழக்குரையில் வம்சாவளி, ஒவ்வொருவரின் பின்னம், தெரிந்த எல்லா உரிமையாளர் பெயரும் வரவேண்டும். பகைமையால் ஒருவரை விட்டுவிடுவது மிகக் கெட்ட யோசனை. பிறகு அவர் வந்து சேர்ந்தால் வழக்குப் பின்னோக்கி ஓடும்.

வழக்கு காணிப் பதிவகத்தில் பதியப்படும். அதன் பிறகு காணியில் யாரும் பங்கை விற்றாலோ கொடுத்தாலோ 66ஆம் பிரிவின்படி அது செல்லாது. இது மேலே சொன்ன 66 அல்ல. எண் மட்டும் ஒன்று. அடுத்து நீதிமன்றம் நில அளவையாளரை அனுப்பும். அவர் அளக்கும் நாளில் கட்டாயம் காணியில் நில்லுங்கள். இந்த வீடு யார் கட்டியது, இந்தத் தென்னைகள் யார் வைத்தது என்று அவர் கேட்டு அறிக்கையில் எழுதுவார். அன்றைக்கு நீங்கள் சொல்லாத உரிமையைப் பின்னர் விசாரணையில் நம்ப வைப்பது பாடு. பழைய உறுதியில் "கிழக்கே கடல்" என்று மட்டும் எல்லை இருக்கும் நிலாவெளி, குச்சவெளிக் காணிகளில், வழக்குக்காணியும் உறுதிக்காணியும் ஒன்றுதானா என்பதே பெரிய தகராறாகும். பழைய பிளானைப் புதியதன்மேல் பொருத்திக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பிறகு விசாரணை. எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் நீதிபதி உரித்தைத் தானாகப் பார்க்கக் கடமைப்பட்டவர். அவர் பங்குகளைத் தீர்மானித்து இடைக்காலத் தீர்ப்பாணை கொடுப்பார். மேன்முறையீடு வருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில். அதன்பின் இறுதி அளவை, துண்டு பிரிப்பு. கட்டியவருக்கு அவர் கட்டடம் உள்ள துண்டு கிடைக்கும்படி முடிந்தவரை பிரிப்பார்கள். பெறுமதி கூடக் குறைய இருந்தால் பணத்தால் ஈடுகட்டுவார்கள். பிரிக்கவே முடியாத சின்னக் காணி என்றால் விற்பனைக்கு உத்தரவிடலாம். முதலில் பங்காளர்களுக்குள் ஏலம், அதற்குப் பிறகே வெளியாருக்கு.

செலவைப் பங்குக்கேற்ப எல்லாருமே சுமக்க வேண்டிவரும். காலம் நீளும், ஒரு தலைமுறை தொடங்கி அடுத்த தலைமுறை முடித்த வழக்குகள் இருக்கின்றன. ஆயினும் 48ஆம் பிரிவின்படி இறுதித் தீர்ப்பாணை வழக்கில் இருந்தவருக்கு மட்டுமல்ல, உலகத்துக்கே எதிராக நிற்கும். பழைய உறுதிகளின் ஓட்டைகள் அத்தனையும் அதோடு அடைபடும். உரித்துச் சங்கிலி அறுந்த காணிக்கு, எவ்வளவு அலுப்பென்றாலும், நான் வழக்கையே சொல்வேன். உறுதிகள் சுத்தமாக இருந்து, சகோதரங்கள் இன்னும் ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கிறார்கள் என்றால், சொல்லமாட்டேன்.

தீர்ப்பாணை கிடைத்ததும் அதைக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். யாராவது எழும்ப மறுத்தால் அதே வழக்கில் பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலர்) மூலம் ஆட்சி கேட்கலாம், புது வழக்கு வேண்டாம். பிறகு சபைக்குப் போய் உங்கள் துண்டுக்குத் தனிச் சோலைவரி இலக்கம் எடுங்கள்.